லேபிள் இல்லாத பாட்டு

கேசட் ஓடவில்லை. பூஞ்சை பிடித்து நாடா திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கிறது. பல்சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். நாலு சுற்றுக்கு மேல் இறுகிக்கொண்டது. ஆனால் உள்ளே மடித்துச் செருகியிருக்கும் அட்டை மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கிறது. மஞ்சள் பட்டில் இருக்கன்குடி மாரியம்மன். மூலையில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் பாடகியின் தலை. அட்டையைத் திருப்பினால் ‘ஏ’ பக்கம் ஐந்து பாட்டு, ‘பி’ பக்கம் ஐந்து பாட்டு. எழுதியவர், இசையமைத்தவர், தவில், பம்பை, உறுமி என்று ஆள் ஆளுக்குப் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: அச்சிட்ட இடம் சிவகாசி.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற மணலில், ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில், வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவே வாங்கியது. அந்தப் பத்துப் பாட்டில் ஒன்று இப்போது என் செல்போனிலும் இருக்கிறது. யாரோ யூடியூப்பில் ஏற்றியிருக்கிறார்கள். சத்தம் சுத்தம், இரைச்சலை எடுத்துவிட்டு, அடியில் கொஞ்சம் பேஸ் கூட்டியிருக்கிறார்கள். தலைப்பில் ‘நான்ஸ்டாப்’ உண்டு, ‘செம குத்து’ உண்டு. பாடினவள் பெயர் இல்லை. எழுதியவன் இல்லை, உறுமி அடித்தவன் இல்லை. படத்தில் இருப்பதுகூட இருக்கன்குடி அம்மன் இல்லை, சமயபுரத்தாள்.

பழைய நாட்டுப்புற ஆல்பங்கள் புது உடுப்பில் வந்துகொண்டிருக்கும் காலம் இது. கேசட்டில் செத்துப்போனவை செல்போனில் எழுந்து நடக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் எழுந்து வருகிற பாட்டுகள் பாதிக்கு மேல் தலையில்லாத முண்டமாக வருவதைப் பார்க்கும்போது, லேபிள் ஒட்டியே சோறு தின்ற ஒரு மாவட்டத்துக்காரனுக்கு உறுத்தாமல் இருக்குமா?

சிவகாசிக்கு லேபிள் வேறு, சரக்கு வேறு இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகிவிட்டு வந்த கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது. அந்த அச்சகங்கள்தான் பிறகு காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி, பாட்டுப் புத்தகம், கேசட் அட்டை என்று கிளைவிட்டன. எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவியும் ‘சேவல் மார்க் குடு’, ‘அணில் மார்க் குடு’ என்று படத்தைச் சொல்லி வாங்கியிருக்கிறாள். ஒரே மருந்து, ஒரே குச்சி. லேபிள் மாறினால் விலை மாறும், ஊர் மாறும், கம்பெனியின் மானம் மாறும். லேபிள் கோணலாக ஒட்டிய பெட்டியைக் கழித்துப் போடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரின் சொந்தப் பாட்டுகள்தான் இன்று பெயரில்லாமல் அலைகின்றன.

மயில் மேல் இருந்தவர்

சிவகாசியில் 1886இல் பிறந்தவர் விசுவநாததாஸ். பிற்பாடு திருமங்கலத்தில் குடியேறினார். அங்கே அவர் வீடு இன்று நினைவு இல்லம். ஸ்பெஷல் நாடக மேடையின் ராஜபார்ட். முருகன் வேஷம் கட்டி வந்து நின்றால் கழுத்தில் ருத்திராட்சம், உடம்பில் கதர். வள்ளியைத் துரத்தவேண்டிய முருகன் வெள்ளைக்காரனைத் துரத்திப் பாடுவார். அந்தப் பாட்டில் வெள்ளைக்காரன் ஒரு வெள்ளைக் கொக்கு. கேட்கிற ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வாரண்டோடு போலீஸ் காத்திருக்கும். வேஷத்தைக் கலைக்கவிடாமலே கைது செய்துகொண்டு போன கதைகள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன. 1940 டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, மயில் ஆசனத்தில் உட்கார்ந்து பாடிய நிலையிலேயே உயிர் போனது.

அந்தக் கொக்குப் பாட்டை இன்றும் நாடக மேடையில் பாடுகிறார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடுகிறார்கள். யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். ‘பழைய நாட்டுப்பாட்டு சார்’ என்பார்கள். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். வெள்ளைக்காரனை ஓட ஓட விரட்டி எழுதியவரின் பெற்றோர் வைத்த பெயர் வெள்ளைச்சாமி என்பது ஒரு வேடிக்கை. விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தில் வாழ்ந்து 1952இல் மறைந்தார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டெழுதியவரும் இவரே. எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனுக்கும் கோணங்கிக்கும் தாய்வழித் தாத்தா. அவருடைய நாட்குறிப்புகளை இன்னொரு பேரரான நாடகக்காரர் முருகபூபதி தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். இத்தனை விலாசம் உள்ள ஓர் ஆள், தன் பாட்டிலிருந்து மட்டும் எப்படிக் காணாமல் போனார்?

கிராமபோன் தட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் பிடிபடும். நடுவட்டக் காகிதத்தில் கம்பெனி பெயர் பெரிசு, பாடியவர் பெயர் அதற்கடுத்து, ராகம் தாளம்கூட இருக்கும். பாட்டெழுதியவனுக்கு அந்த வட்டத்தில் பெரும்பாலும் இடமில்லை. மேடையில் கேட்டு மனசில் பிடித்தவர்கள் பாட்டை மட்டும் கொண்டுபோனார்கள். அரசாங்கத்துக்குப் பயந்த காலத்தில் பெயர் போடாமல் இருப்பது பத்திரமும்கூட. பயம் போய் எழுபது எண்பது வருஷமாகியும் பெயர் திரும்பி வரவில்லை என்பதுதான் விஷயம்.

மூன்று நிமிஷத்துக்கு வெட்டியது

பெயர் மட்டும் போகவில்லை, உடம்பும் போயிருக்கிறது. அரக்கில் வார்த்த அந்தப் பழைய தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடியப் பாடுகிற சமாச்சாரத்தை அதில் எப்படி அடைப்பது?

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லை மண்குடத்தோடு பிணைத்து, வீசுகோலால் நாணை அடித்து, உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேர, காப்புப் பாடி, குருவடி வணங்கி, ஊர்ப் பெருமை சொல்லி, கதைக்குள் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆகும். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதும், இடக்கு மடக்காகக் கேள்வி கேட்பதும், புலவர் அதற்குக் குத்தலாகப் பதில் சொல்வதும்தான் சனத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். வில்லிசை வேந்தர் என்று பெயர் வாங்கிய சாத்தூர் பிச்சைக்குட்டி இந்த மண்ணின் ஆள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதையிலிருந்து குடும்பக் கட்டுப்பாடு வரை வில்லில் ஏற்றினார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருஷம் காலமானார்.

கேசட் வந்ததும் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் கிடைத்தது. இசைத்தட்டோடு பார்த்தால் அது அரண்மனை. ஆனாலும் கத்தரிக்கோல் விழத்தான் செய்தது, விழுந்த இடம் கவனிக்கவேண்டியது. முதலில் போனது காப்புப் பாட்டு. அடுத்து ஊர்ப் பெயரும் விழாக் கமிட்டியார் பெயரும். அதற்கடுத்து ‘ஆமா’. கதை தப்பித்துக்கொண்டது. கதை நடந்த களம் கழன்று விழுந்தது. எந்த ஊருக்கும் பொருந்தவேண்டும் என்று எல்லா ஊரையும் எடுத்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு அது சரிதான்.

ஆனால் கேசட்டைத் திட்ட எனக்கு மனசு வராது. கிராமபோன் பெட்டி வீட்டில் வைத்திருந்தவன் பணக்காரன். கேசட் டேப் வைத்திருந்தவன் எவனும். துபாய்க்குப் போன மாமா கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒன்று தெருவுக்கே பாடும். எச்.எம்.வி. போன்ற பெரிய கம்பெனியின் படியேறாத குரல்கள் எல்லாம் எண்பதுகளில் கேசட்டுக்குள் நுழைந்தன. மதுரைப் பல்கலைக்கழக வகுப்பில் நாட்டுப்புறவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கணவர் நவநீதகிருஷ்ணனோடு மேடையேறிய விஜயலட்சுமி, சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி, புஷ்பவனம் குப்புசாமி என்று ஒரு படையே இறங்கியது. கருப்பாயி ‘ஆண் பாவம்’ படத்தில் 1985இல் தலைகாட்டியதால் ஊருக்குத் தெரிந்தார். அதற்கு முன்பே நடவு வயலில் தெரிந்தவர். 2025 ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

தன்னானே கலைக்குழுவை நடத்திய கே.ஏ. குணசேகரனைத் தனியாகச் சொல்லவேண்டும். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்து, நாட்டுப்பாட்டை ஆய்வாகவும் ஆவேசமாகவும் கையாண்டவர். கவிஞர் இன்குலாப் கீழ்வெண்மணியை மனசில் வைத்து எழுதிய ‘மனுசங்கடா’ அவர் குரலில் கேசட்டு கேசட்டாகப் பரவியது. தொழிற்சங்க மேடையில், கல்லூரி விடுதியில், சேரித் தெருவில் கேட்ட பாட்டு அது. இன்று அதையும் ‘பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டு ஏற்றியிருக்கும் வீடியோக்களைப் பார்க்கிறேன். எழுதியவரும் பாடியவரும் 2016இல் ஒரே வருஷத்தில் இறந்தார்கள். அவர்கள் சாவுக்குக் கூடிய கூட்டத்தில் நின்ற சனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குள் பாரம்பரியமா?

‘ரேடியோ செட்’காரர்

இந்தக் கதையில் பெயர் வராத ஒரு கலைஞர் உண்டு. எங்கள் பக்கம் அவரை ‘ரேடியோ செட்’ என்றே கூப்பிடுவோம். ஆளுக்கும் அதே பெயர், சாமானுக்கும் அதே பெயர். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரே விளக்கில் மிதக்கும்போது, மூங்கிலில் குழாயைக் கட்டி, காலையில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன், தீச்சட்டி வருகிற நேரத்துக்கு உறுமி மேளம், பதினோரு மணிக்கு மேல் வயசுப் பையன்களுக்காகச் சினிமா என்று நேரமறிந்து போடுவார். எந்தப் பாட்டுக்குச் சாமி வரும் என்று அவருக்குத் தெரியும். வராமல் நிறுத்தவும் தெரியும். பால் கிரீன் என்ற இசையாய்வாளர் தமிழகக் கிராமத்தில் கேசட் போடுவதையே ஒரு நிகழ்த்துகலையாகப் பார்த்து 1999இல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் கட்டுரை எழுதினார். நம் ஊர் செட்காரர் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார். படித்தால், இதிலென்ன புதுசு என்பார்.

அவரிடம் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கும். கேசட்டுகளின் முதுகில் பேனாவால் எழுதிய லேபிள்: ‘முளைப்பாரி 2’, ‘ஒப்பாரி – துஷ்டி வீடு’, ‘தேவராட்டம் உறுமி’. பெரிய ஆவணக்காப்பகங்கள் செய்கிற வேலையை அந்தப் பெட்டி செய்தது. செட்டுகள் பென் டிரைவுக்கு மாறியபோது பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தொண்ணூறுகளில் ஒருநாள், எங்கள் அப்பத்தாவை உட்காரவைத்து, புது டி.டி.கே. கேசட்டில் முளைப்பாரிப் பாட்டும் தாலாட்டும் பிடித்தேன். கும்மி தட்டாமல் பாட்டு வரமாட்டேன் என்றது. தொடையில் தட்டிக்கொண்டே பாடினாள். போட்டுக் காட்டியபோது, தன் குரலை முதன்முதலாகக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏய்யா, இது நானாய்யா? இம்புட்டுக் கெழவி மாதிரியா இருக்கு?”

“நீங்கதான் அப்பத்தா.”

“அப்ப எம்பேரச் சொல்லி வையி. நாளப்பின்ன எவளோ பாடுனதுன்னு சொல்லிருவாக.”

நான் முதுகில் ‘பாட்டு’ என்று மட்டும் எழுதிவைத்தேன். எல்லாக் கேசட்டிலும் பாட்டுதானே இருக்கும்? அடுத்த வருஷம் வீட்டில் யாரோ அதைக் காலி கேசட் என்று நினைத்து, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் புதுப் படப் பாட்டுப் பதிந்து வாங்கி வந்தார்கள். ‘ஏ’ பக்கம் முடிகிற இடத்தில் சினிமாப் பாட்டு அறுந்து, ஏழெட்டு விநாடி அப்பத்தாவின் தொடைத்தட்டு கேட்கும். அவ்வளவுதான் மிச்சம்.

கடல் தாண்டி ஒரு பெட்டி

அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்று ஒரு கிறுக்கர் இருந்தார். 1927க்கும் 1932க்கும் இடையில் வந்து, விற்காமல் மூலையில் கிடந்த பழைய 78 தட்டுகளைச் சேர்த்து, 84 பாட்டுகளை ஆறு எல்.பி. தட்டுகளாக 1952இல் ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் கொண்டுவந்தார். மலைநாட்டுப் பிடில்காரர்கள், கறுப்பின கிதார்காரர்கள், கோயில் பாட்டுக்காரர்கள் என்று எல்லாரும் கலந்த தொகுப்பு. பிற்பாடு அங்கே எழுந்த நாட்டுப்பாட்டு அலைக்கு அதுதான் அடியுரம். 1997இல் சி.டி.யாக மறுபடி வந்தபோது மறுபடியும் கொண்டாடினார்கள்.

பாட்டுகளைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. கூடவே ஒரு கையேடு போட்டார் ஸ்மித். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண், பாடியவர், பதிந்த காலம், முதல் தட்டின் எண், கதைச் சுருக்கம் பத்திரிகைத் தலைப்பு மாதிரி. முடிதிருத்தும் கடையில் படிக்கிற சுவாரசியத்தோடு ஒரு லேபிள்.

அந்தத் தொகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் சில பாட்டுகள் பதிந்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலைக்குப் போய்விட்டார். செத்திருப்பார் என்றே நினைத்திருந்தார்கள். அவருடைய இன்னொரு பழைய தட்டில், பாட்டுக்குள்ளேயே சொந்த ஊர் அவலான் பெயரைச் சொல்லியிருந்தார். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963இல் ஓர் இளைஞர் வரைபடத்தில் ஊரைத் தேடிப் போனார். கிழவர் அங்கேயே இருந்தார். கடைசி மூன்று வருஷம் மேடை மேடையாகப் பாடிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

நம் வில்லுப்பாட்டில் காப்புப் பாட்டுக்கு அடுத்தபடியாக ஊர்ப்பெயர் சொல்லும் பகுதியைத்தான் வெட்டினார்கள் என்று மேலே சொன்னேன்.

சட்டத்தில் இருக்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் உரிமை. அது பதிவைத் தயாரித்தவருடையது. மரபுப் பாட்டுக்கு எழுதியவர் கிடையாது. ஆக, முதலில் பதிவு செய்தவர் கை ஓங்கிவிடுகிறது. இணையத்தில் பாட்டின் ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு அப்பத்தாவும் கம்பெனியும் ஒன்றுதான். தன்னிடம் முதலில் பதிந்து வைத்திருக்கும் ரேகைக்காரருக்கே அது சலாம் போடும். ஊர்க் கும்மியை ஊர்க்காரர் ஏற்றினால் அவருக்கே நோட்டீஸ் வரக்கூடிய ஏற்பாடு இது.

பாடினவருக்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. 1994 திருத்தம்தான் பாடுகிறவர், அடிக்கிறவர், ஆடுகிறவரின் உரிமையை முதன்முதலாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2012 திருத்தத்தில் 38-பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது: நிகழ்த்தியவர் தன்னை இன்னாரென்று அடையாளப்படுத்தக் கோரலாம். எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், லேபிள் கேட்கும் உரிமை. கரகாட்டக் குழுவில் இருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

தெரிந்தவர்களுக்கே பாடுதான். 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் முழுக்க ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய வள்ளியம்மாளின் கதையும் ஒப்பாரியும் அதில் ஊறியிருந்தன. அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, செஸ் ஒலிம்பியாட் மேடையில் யார் நின்றார்கள் என்று 2022இல் அறிவு பொதுவெளியில் பேச, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பதில் சொல்ல, ஊரே இரண்டு கட்சியாக நின்றது. எந்தக் கட்சியிலும் சேராமல் ஒன்று சொல்லலாம்: இன்றைக்குக் கையில் கேமராவும் லட்சக்கணக்கான ஆதரவாளர்களும் இருக்கிறவர்களுக்கே பெயருக்கு இத்தனை மல்லுக்கட்டு.

சிவகாசியில் போன தீபாவளிக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டி ஒன்றும் மேஜையில் கேசட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு என்று சொன்ன பிறகு, நீரி நிறுவனத்தின் முத்திரையும் க்யூஆர் கோடும் ஏறியிருக்கின்றன. போனைக் காட்டினால் யார் செய்தது என்று சொல்கிறது. அந்த வெடி ஆயுசே இரண்டு விநாடி.

புதிதாக ஆல்பம் போடுகிற பையன்கள் விருதுநகரிலும் ராஜபாளையத்திலும் அருப்புக்கோட்டையிலும் நிறைய வந்துவிட்டார்கள். வீட்டு மாடியில் மைக், லேப்டாப், முட்டை அட்டையை ஒட்டிய சுவர். பறையும் உறுமியும் கீபோர்டும் சேர்கின்றன. சிலது நன்றாகவே இருக்கிறது. வீடியோவுக்குக் கீழே எழுத எவ்வளவு வேண்டுமானாலும் இடம் உண்டு, காகிதச் செலவும் கிடையாது. கேசட் அட்டை உள்ளங்கை அகலம்தான். அதற்குள் பத்துப் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் எங்கள் அச்சகத்துக்காரர்கள்.

அந்த இருக்கன்குடி கேசட் அட்டையை ஸ்கேன் செய்து, யூடியூப்பில் அந்தப் பாட்டுக்குக் கீழே எல்லாப் பெயரையும் தட்டச்சு செய்து போட்டேன். பாடகி, கவிஞர், தவில், பம்பை, உறுமி, ஒலிப்பதிவு. கடைசி வரி கோரஸ். பாட்டு முழுக்கக் குலவை போட்டு, பின்பாட்டுப் பாடி, அம்மனை இறக்கிக் கொண்டுவந்தது அந்தப் பெண்கள்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ‘கோரஸ்: குழுவினர்’ என்று போட்டிருக்கிறது.